புலியும் காலமும் இரண்டு திரைகளும்



இந்த மடலில் வழக்கமாகப் பயிற்றித்தாள், வாக்கிய வகை, இலக்கியக் கேள்வி பதில் என்றுதான் வரும். நானும் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன். இந்த முறை ஒரு கலைக்காட்சியைப் பற்றி எழுதுகிறேன். "இந்த டீச்சருக்கு வேற வேலை இல்லையா?" என்று நினைத்துவிட வேண்டாம். கடைசியில் வகுப்பறைக்குத்தான் வருவேன். ஆனால் நேராக வர முடியாது, கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

2023 நவம்பர் முதல் 2024 மார்ச் வரை சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகத்தில் ஹோ ட்சூ நியென் என்ற கலைஞரின் படைப்புகள் 'காலமும் புலியும்' என்று பொருள்படும் ஒரு தலைப்பில் காட்சிக்கு இருந்தன. ஹோ 1976இல் சிங்கப்பூரில் பிறந்தவர். 2011இல் வெனிஸ் இருபதாண்டு... இல்லை, ஈராண்டுக் கலைவிழாவில் (எப்போதும் எனக்கு இந்தச் சொல்லில் தடுமாற்றம்) சிங்கப்பூரின் சார்பில் கலந்துகொண்டவர். டிசம்பர் பள்ளி விடுமுறையில் நான் போய்ப் பார்த்தேன். மூவாரிலிருந்து இரண்டாம் பாலம் வழியாகப் போனால், குடிநுழைவு வரிசை நம்மைக் கருணையோடு நடத்தினால், மூன்று மணி நேரம். கருணை அன்றைக்கு இல்லை.

காட்சி நடந்த இடம் தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டிய கிடங்குக் கட்டடம். லாரிகள் வந்து சரக்கு ஏற்றும் அதே வளாகம். மின்தூக்கியில் ஏறி உள்ளே போனால் இருட்டு. இருட்டுக்குள் புலி.

முதலில் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹோவின் புலிகள் எல்லாம் அந்தப் படத்திலிருந்துதான் பாய்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஹைன்ரிக் லாய்டமன் என்ற ஜெர்மானிய ஓவியர் வரைந்த அச்சுப்படம் அது. விலங்குகளை வரைவதில் பெயர் பெற்றவர் அவர். படத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'சிங்கப்பூரில் தடைப்பட்ட சாலை அளவை'. 1835இல் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம். பொதுப்பணி மேற்பார்வையாளர் ஜார்ஜ் கோல்மன் ஆட்களோடு காட்டுக்குள் சாலைக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று ஒரு புலி பாய்கிறது. யார் மேல்? ஆள் மேல் அல்ல. முக்காலியில் நிற்கும் தியோடொலைட் என்ற அளவைக் கருவி மேல்! கருவி சாய்கிறது, கோல்மன் தடுமாறுகிறார், கூட இருந்த ஆட்கள் சிதறுகிறார்கள். யாருக்கும் காயமில்லை என்பது கதை.

இந்தப் படம் இன்று சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நானும் முன்பே பார்த்திருக்கிறேன், பக்கத்தைப் புரட்டியும் இருக்கிறேன். புலி நன்றாக இருக்கிறது என்று நினைத்ததோடு சரி.

ஹோ அந்த ஒரு நொடியை எடுத்து அரைமணி நேரத்துக்கு மேல் நீட்டுகிறார். 2017இல் செய்த 'ஒரு புலி அல்லது பல புலிகள்' என்ற படைப்பு அது. அறையின் இரு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு பெரிய திரைகள். ஒன்றில் புலி. மற்றதில் கோல்மன். இரண்டுமே கணினியில் உருவாக்கிய உருவங்கள். நாம் நடுவில் உட்கார்கிறோம். புலியைப் பார்த்தால் மனிதன் முதுகுக்குப் பின்னால் போய்விடுவான். மனிதனைப் பார்த்தால் புலி முதுகுக்குப் பின்னால். முதல் சில நிமிடங்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு, பின்னாலிருந்து வரும் குரலைக் காது மட்டும் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். பக்கத்தில் ஒரு சின்னப் பையன் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் செய்ததுதான் சரியான எதிர்வினை.

இருவரும் பேசுவதில்லை, பாடுகிறார்கள். மெதுவாக, இழுத்து, கொஞ்சம் ஒப்பாரி போல. புலி தன் வரலாற்றைச் சொல்கிறது. கடல்மட்டம் தாழ்ந்து, சுமத்ராவும் ஜாவாவும் தீபகற்பமும் ஒரே நிலமாகக் கிடந்த காலத்தில் நடந்தே வந்த விலங்கு அது. மனிதன் வருவதற்கு வெகு காலம் முன்பே. அந்தக் கணக்கில் பார்த்தால் இங்கே எல்லாருமே வந்தேறிகள்தான், புலியைத் தவிர. (இந்த நாட்டில் 'வந்தேறி' என்ற சொல்லை அவ்வப்போது கேட்டுப் பழகிய நமக்கு, புலி வாயால் இதைக் கேட்பதில் ஒரு சின்ன சந்தோஷம் இருக்கிறது. மறைப்பானேன்.)

பிறகு புலி உருமாறுகிறது. மலாய்ப் பழங்கதைகளில் 'ஹரிமாவ் ஜாடியன்' உண்டல்லவா? பகலில் மனிதன், இரவில் புலி. மனித உருவில் இருந்தாலும் மேலுதட்டின் நடுப்பள்ளம் இருக்காது, அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். அந்தப் புலிமனிதன் திரையில் வருகிறான். ஆங்கிலத்தில் 'நாங்கள் புலிகள்' என்பதற்கும் 'புலிமனிதர்' என்பதற்கும் கிட்டத்தட்ட ஒரே ஒலி. பாட்டு அந்தச் சிலேடையின் மேல்தான் நிற்கிறது. இரட்டுற மொழிதலுக்குக் காளமேகத்தை விட்டால் ஆளில்லை என்று வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இதோ ஒரு சிங்கப்பூர்க்காரர், ஒரே சொல்லில் விலங்கையும் மனிதனையும் அடைத்துவைத்திருக்கிறார். தமிழில் பெயர்க்கப் பார்த்தேன், முடியவில்லை. முடிந்தால் எழுதுங்கள்.

உருமாற்றம் அதோடு நிற்கவில்லை. வெள்ளைக்காரன் காட்டை அழித்துப் புலியைச் சுட்டுத் தீர்க்கிறான். சிங்கப்பூரில் கடைசிக் காட்டுப்புலி 1930இல் சுடப்பட்டது. பன்னிரண்டு வருஷம்கூட ஆகவில்லை, புலி திரும்பி வருகிறது: ஜப்பானியத் தளபதி யமாஷிதாவாக. 'மலாயாப் புலி' என்பது அவருக்கு வந்த பட்டப்பெயர். பிறகு காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகள். அவர்களையும் புலியை வேட்டையாடுவது போலத்தான் வேட்டையாடினார்கள். ஒவ்வொரு முறையும் புலி செத்துவிட்டது என்று கணக்கை முடிக்கும்போது அது வேறு உடம்போடு வருகிறது.

இந்த இடத்தில் எனக்கு என் படிவம் நான்கு மாணவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். தேசியக் காற்பந்துக் குழுவுக்கு என்ன பெயர்? ஹரிமாவ் மலாயா. அதே 'மலாயாப் புலி'! யமாஷிதாவைப் பார்த்து நடுங்கிய சொல்லை இப்போது பையன்கள் சட்டையில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். நம் ஜொகூர்க் குழுவோ 'தென்னகப் புலிகள்'. தேசியச் சின்னத்தில் இரண்டு புலி, வங்கி அட்டையில் ஒரு புலி. காட்டில் மிச்சம் இருப்பது 150க்கும் குறைவு என்று அரசாங்கக் கணக்கெடுப்பே சொல்கிறது. படம் கூடக்கூட உடம்பு குறைகிறது. காவற்பெண்டு என்ற புலவர், மகனைப் போருக்கு அனுப்பிவிட்ட தாயின் வயிற்றைப் புலி தங்கிப்போன குகை என்று சொல்லியிருக்கிறார். புலி அங்கே இல்லை, இருந்த இடம் மட்டும் இருக்கிறது. சங்கப் பாட்டில் இப்படி ஒரு புலி இருப்பதை வைத்துக்கொண்டு, இந்தக் காட்சியைப் புரியாத நவீனம் என்று நாம் ஒதுக்கத் தேவையில்லை.

சரி, குறைக்கு வருகிறேன்.

பாட்டில் முறை வருவது இருவருக்கு. புலிக்கு ஒரு முறை, கோல்மனுக்கு ஒரு முறை. அந்த அச்சுப்படத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்களே, அவர்கள் யார்? அவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட தண்டனைக் கைதிகள். அளவுச் சங்கிலி பிடித்தவர்கள், காடு வெட்டியவர்கள், கல் உடைத்தவர்கள். 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த முதல் தொகுதிக் கைதிகள் 80 பேர், சென்னை மாகாணத்தவர்கள். ஒரு வாரத்தில் வங்காளத்தவர்கள் 122 பேர். அதிலிருந்து 1873இல் அந்தச் சிறையை மூடும் வரை, சிங்கப்பூரின் சாலை, பாலம், சதுப்பு நிரப்பும் வேலை எல்லாம் இந்தக் கைகளால்தான். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் கட்டியது. இன்று அதிபர் இருக்கும் இஸ்தானா அவர்கள் கட்டியது. பின்னாளில் புலி வேட்டைக்கும் அவர்களையே அனுப்பினார்கள். கோல்மனின் பெயரில் இன்றும் தெரு இருக்கிறது, பாலம் இருக்கிறது. படத்தில் சிதறுகிறவர்களுக்குப் பெயர்கூட இல்லை.

ஹோ அவர்களை மறைக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். திரைக்குப் பின்னால், அந்த அச்சுப்படத்திலிருந்து வெட்டியெடுத்தாற்போலத் தோற்பாவைகள் நிழலாக எழுகிற கட்டம் ஒன்று உண்டு. கிளந்தானின் வாயாங் கூலிட்டும் நம் தோற்பாவைக்கூத்தும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நிழல்களைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. இத்தனை கணினி வேலைக்கு நடுவில் ஒரு தோலும் ஒரு விளக்கும்! ஆனாலும் என் குறை குறைதான். புலியும் வெள்ளைக்காரனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிற அழகில் ஓர் ஆபத்து இருக்கிறது. வரலாறு என்பது வேட்டைக்காரனுக்கும் விலங்குக்கும் இடையே நடக்கும் ஒரு பெரிய காதல் மாதிரி ஆகிவிடுகிறது. நடுவில் சங்கிலி பிடித்தவன் இருவருக்குமே பொருட்டில்லை. இரண்டு திரைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு, அந்த இடம் யாருடையது என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. கோல்மன் பக்கமும் இல்லை, புலி பக்கமும் இல்லை. இதைப் படைப்பு வேண்டுமென்றே செய்ததா, தற்செயலா? வேண்டுமென்றே என்றால் ஹோவுக்கு ஒரு கும்பிடு. ஆனால் பாட்டு அப்படிச் சொல்லவில்லை.

அடுத்த அறையில் 'டி என்றால் காலம்' என்பது போன்ற தலைப்புள்ள 2023ஆம் ஆண்டுப் படைப்பு. ஆங்கிலத்தில் காலத்துக்கும் புலிக்கும் முதலெழுத்து ஒன்றே. ஹோ 2012இலிருந்து தென்கிழக்காசியாவுக்கு ஒரு விமர்சன அகராதி செய்துவருகிறார். 26 எழுத்துக்கும் கருத்துகள், படத்துண்டுகள். 2017 முதல் இணையத்திலும் பார்க்கலாம். திறக்கும் ஒவ்வொரு முறையும் கணினி வேறு வேறு துண்டுகளைக் கோத்துத் தரும். அந்த வழியில் வந்ததுதான் இதுவும்.

இங்கேயும் இரண்டு திரை, ஆனால் எதிரெதிராக அல்ல, ஒன்றன்பின் ஒன்றாக. முன்னால் மெல்லிய வலைத்துணி. அதில் வரைபட அசைவுகள் ஓடுகின்றன. பின்னால் உள்ள திரையில் அந்த வரைபடங்களுக்கு மூலமான நிஜப் படத்துண்டுகள். துணி மெல்லியது என்பதால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று தெரியும். சில நேரம் பொருந்தும், சில நேரம் விலகும். பாட்டி சொன்ன கதையும் புகைப்படத்தில் இருக்கும் பாட்டியும் பொருந்தாமல் விலகுமே, அப்படி. நினைவு எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு யாரும் இவ்வளவு எளிமையாகக் காட்டியதில்லை. விளக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை. ஒரு துணி போதும்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது 'இறந்தகாலம்' என்ற நம் இலக்கணச் சொல்லைப் பற்றி யோசித்தேன். மாணவர்கள் அதைச் 'செத்துப்போன காலம்' என்றே புரிந்துகொள்கிறார்கள். பழந்தமிழில் இறத்தல் என்றால் கடத்தல். கடந்து போன காலம், அவ்வளவுதான். கடந்து போனது எங்கேயோ இருக்கும், திரும்பியும் வரலாம். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்று வைத்தார். காலம் தனியாக ஓடுவதில்லை, ஓரிடத்தில்தான் நடக்கிறது. பத்து நாழிகை ஒரு சிறுபொழுது, அறுபது நாழிகை ஒரு நாள், ஒரு நாழிகைக்கு 24 நிமிடம் என்று கணக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் நாம் கையில் கட்டியிருக்கும் மணிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? நான் கொடுத்ததில்லை.

பாருங்களேன். 1905இல் மலாயாவின் கடிகாரம் கிரீன்விச்சுக்கு 7 மணி நேரம் முன்னால். 1933இல் 20 நிமிடம் கூட்டினார்கள். 1941இல் இன்னொரு 10 நிமிடம். 1942இல் ஜப்பானியர் வந்ததும் டோக்கியோ நேரம், அதாவது ஒரே தாவலில் ஒன்றரை மணி நேரம். 1945இல் பழையபடி ஏழரை. 1982 ஜனவரி 1இல், தீபகற்பமும் சபா சரவாக்கும் ஒரே நேரத்துக்கு வரவேண்டும் என்று அரை மணி நேரம் தள்ளினார்கள், சிங்கப்பூரும் கூடவே தள்ளியது. நாம் காலை ஏழரைக்குச் சபைகூடலில் அரை இருட்டில் நிற்கிறோமே, அதற்குக் காரணம் அந்த அரை மணி. சூரியன் மட்டும் இந்த ஆணை எதற்கும் கட்டுப்படவில்லை.

என் பாட்டி மூவாருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் பன்னிரண்டு வயது. அவர் சொல்வார்: "மணியே மாறிப்போச்சும்மா. எட்டு மணிங்கிறான், வெளியில பாத்தா கும்மிருட்டு. பெரட்டுக்களத்துல நின்னா பக்கத்துல இருக்கிறவ மொகம் தெரியாது." கதையில் பாட்டி கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வயசானவர்கள் அப்படித்தானே. டோக்கியோ நேரத்தைப் பற்றிப் படித்தபின் கணக்குப் போட்டேன். அங்கே எட்டு என்றால் பழைய நேரப்படி காலை ஆறரை. மலாயாவில் விடிவதற்கு முன். பாட்டி ஒன்றும் கூட்டவில்லை. முதுகலைப் பட்டயப் படிப்பில் வாய்மொழி வரலாறு பற்றி ஒரு கட்டுரைகூட எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். சொந்தப் பாட்டியை நம்பவில்லை. அவர் இப்போது இல்லை.

காட்சியில் எல்லாமே இந்தத் தரம் என்று சொல்லமாட்டேன். காலம் பற்றிய சின்னச் சின்னத் திரைகள் நாற்பதுக்கும் மேல் ஓர் அறையில் மாட்டியிருந்தார்கள். சில நொடிகளில் முடிவது, மணிக்கணக்கில் ஓடுவது, நம் ஆயுளுக்குள் முடியாதது என்று வகைவகையாக. சில அழகு. பல, தொலைக்காட்சிக் கடைக்குள் நுழைந்த மாதிரிதான். அதோடு, பாட்டும் உரையும் ஆங்கிலத்தில், அதுவும் தத்துவ நூல்களின் வாசனையோடு வருகின்றன. தோட்டத்தில் பிறந்த என் அம்மா கூட வந்திருந்தால், புலியைப் பார்த்திருப்பார், கதை எட்டியிருக்காது. நினைவைப் பற்றிப் பேசும் கலை, அதிகம் நினைவு வைத்திருப்பவர்களுக்கு எட்டாமல் போவதை நான் சின்னக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

'ஹோட்டல் அபோரியா' என்ற 2019ஆம் ஆண்டுப் படைப்பை முழுதாகப் பார்க்க நேரம் இல்லை. ஜப்பானில் டொயோட்டா நகரத்துப் பழைய விடுதி ஒன்றுக்காகச் செய்தது. போர்க்காலத்தில் தற்கொலைப்படை விமானிகள் கடைசி இரவுகளைக் கழித்த விடுதி அது. ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் படக்காட்சிகளை எடுத்து, நடிகர்களின் முகத்தை மட்டும் அழித்திருக்கிறார் ஹோ. முகமில்லாத ஒரு குடும்பம் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறது.

அங்கே நின்றபோது ஓசுவைப் பற்றிய வேறொரு செய்தி மனசில் வந்தது. 1943இல் ஜப்பானிய ராணுவம் அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. எதற்கு? நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி, 'டில்லி நோக்கி' என்ற பொருளில் ஒரு பிரசாரப் படம் எடுக்க. படம் முடியவில்லை. போர் தோற்றதும் எடுத்தவற்றையும் அழித்துவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள். அந்த ராணுவத்தில் சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டப்புறத் தமிழர்கள் எத்தனை பேர்! ஜான்சி ராணிப் படையில் நம் பிள்ளைகள்! உலகமே தலையில் வைத்துக் கொண்டாடும் ஓர் இயக்குநரின் கேமரா முன்னால் அவர்கள் நின்றிருக்கக்கூடும். பிரசாரப் படம்தான், பொய்யும் கலந்திருக்கும்தான். இருந்தாலும் முகங்கள் இருந்திருக்கும். ஹோ அழித்தவை இருந்த முகங்கள். நமக்கு அழிக்கவும் படம் இல்லை.

வீடு திரும்பும்போது யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, பாரிட் சுலோங், பக்ரி வழியாக வந்தேன். மூவார்க்காரர்களுக்கு இது சாதாரண வழி. 1942 ஜனவரியில் பின்வாங்கிய படை இதே சாலையில்தான், எதிர்த்திசையில், மூவார்ப் பக்கமிருந்து யோங் பெங்கை நோக்கிப் போனது. யமாஷிதாவின் ஆட்கள் ஜனவரி நடுவில் மூவார் ஆற்றைக் கடந்தார்கள். ஆற்றங்கரையைக் காக்க நிறுத்தப்பட்டிருந்தது 45ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவு. மலாயாவுக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகாதவர்கள். பலர் பயிற்சி முடியாத இளைஞர்கள். ஆஸ்திரேலியர்களும் சேர்ந்து பக்ரியிலிருந்து சண்டை போட்டுக்கொண்டே பாரிட் சுலோங் பாலம் வரை வந்தார்கள். பாலத்தை ஜப்பானியர் முன்பே பிடித்துவிட்டார்கள். நடக்க முடிந்தவர்கள் சதுப்புக்குள் இறங்கித் தப்பினார்கள். காயம்பட்டவர்களை விட்டுவிட்டுப் போக நேர்ந்தது. ஜனவரி 22 அன்று அவர்களைக் கொன்றார்கள். சுமார் 110 ஆஸ்திரேலியர்கள், 40 இந்தியர்கள்.

இந்த 40 பேரைத் 'தமிழர்கள்' என்று சொல்லிப் பெருமையடிக்க எனக்கு உரிமை இல்லை. அந்தப் பிரிவு ராஜபுத்திர, ஜாட், கார்வாலிப் பட்டாளங்களைக் கொண்டது. ஆனால் அந்தப் பாலத்தை நான் எத்தனை முறை கடந்திருக்கிறேன்! பெட்ரோல் அளவைப் பார்த்துக்கொண்டு, அடுத்த நாள் பாடத்திட்டத்தை நினைத்துக்கொண்டு. அன்றைக்கு வண்டியை ஓரம் கட்டினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒன்றும் பார்ப்பதற்கு இல்லை. ஆறு, பாலம், மோட்டார் சைக்கிள்கள். கண்ணை மூடினால் மட்டும் அந்தப் புலி இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தது.

இனி வகுப்பறை.

பள்ளி திறந்ததும் அந்த அச்சுப்படத்தை எல்.சி.டி. ஒளிப்படக் கருவியில் போட்டுப் படிவம் நான்கு மாணவர்களுக்குக் காட்டினேன். தலைப்பைச் சொல்லவில்லை. "என்ன தெரியுது?" என்று மட்டும் கேட்டேன். புலி, புலி, புலி. பிறகு "வெள்ளக்காரன் டீச்சர்". பிறகு அந்தக் கருவியைப் பற்றி ஒரு கேள்வி. ஐந்து நிமிடம் ஆனது, கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன், "அவங்கல்லாம் யாரு டீச்சர்?" என்று கேட்க. அவன் வகுப்பில் வாய் திறப்பதே அபூர்வம். முன்னொரு முறை வரலாற்றுக் கட்டுரை எழுதச் சொன்னபோது, "நமக்கு என்னா டீச்சர் வரலாறு இருக்கு, தோட்டம்தான்" என்றவன்.

"நீயே கிட்டப் போய்ப் பார்" என்றேன். அவன் எழுந்து போய் ஒளிக்கு நடுவில் நின்றுவிட்டான். சுவரில் அவன் நிழல். கோல்மன் மறைந்துபோனார், புலியின் வால் மட்டும் தெரிந்தது. மற்றதெல்லாம் அவன் வெள்ளைச் சட்டையின் முதுகில் விழுந்தது. "டேய், மறைக்காதடா!" என்று மற்றவர்கள் கத்தினார்கள். நான் அவனை நகரச் சொல்லவில்லை.

பிறகு கைதிகளைப் பற்றிச் சொன்னேன். 80 பேர், 122 பேர் என்ற கணக்கைச் சொன்னேன். அந்தப் படத்தில் ஓடுகிறவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் பேசுவதாகப் பத்து வரி எழுதச் சொன்னேன். எந்தக் காலத்தில் எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. முக்கால்வாசிப் பேர் இறந்தகாலத்தில் எழுதினார்கள். "புலி பாய்ந்தது, நான் ஓடினேன்." சிலர் நிகழ்காலத்தில். அந்தப் பையன் எதிர்காலத்தில் எழுதியிருந்தான். புலி போய்விடும், துரை எழுந்து தூசி தட்டிக்கொள்வார், கருவியை என்னைத்தான் தூக்கி நிறுத்தச் சொல்வார், நாளைக்கு இதே இடத்துக்குத்தான் மறுபடியும் வருவோம் என்று. எழுத்துப்பிழை நான்கு. ஒற்று ஏழு இடத்தில் விட்டிருந்தான். வழக்கம்போல எல்லாவற்றையும் சிவப்பு மையில் வட்டமிட்டேன். காலத்தைத் தொடவில்லை.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்பு. ஓவியரின் பெயரையும் கோல்மனின் பெயரையும் வைத்துத் தேடினால் படம் இணையத்தில் கிடைக்கும். தெளிவான பிரதியை எடுங்கள், மங்கலான பிரதியில் வேலையாட்கள் கறுப்புப் புள்ளிகளாகிவிடுவார்கள். ஹோவின் இணைய அகராதியை வகுப்பில் நேரடியாகத் திறக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் வேறு துண்டு வரும் என்பதால், சிறுவர்களுக்குப் பொருந்தாத காட்சியும் வரலாம். நீங்கள் முதலில் தனியாகப் பாருங்கள். கடிகார வரலாற்றைச் சேர்ப்பதென்றால் பாட்டி தாத்தா உள்ள மாணவர்களை முதல் நாளே கேட்டு வரச் சொல்லுங்கள். 1982 அரை மணி மாற்றம் பலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு பாடவேளை போதாது. இரண்டு வேண்டும், அடுத்தடுத்து இருந்தால் நல்லது. மதிய உணவுக்கு முந்திய பாடவேளையில் மட்டும் வேண்டாம்.